முப்பது கிலோமீட்டர் மூச்சு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செங்கல்பட்டும் அதே தொலைவுதான். சென்னை எழும்பூர் 90-ஐத் தொடும். இந்தத் தாலுகாவில் ஒரு குழந்தை மூச்சுத் திணறலோடு பிறந்தால், அது பிழைக்குமா என்பதை நெடுங்காலம் இந்த மூன்று எண்களே முடிவு செய்தன. உத்திரமேரூர் என்றதும் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தக் கல்வெட்டைப் போல இந்தக் குழந்தைகளின் கணக்கை யாரும் எங்கும் பொறித்து வைக்கவில்லை. பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட பிள்ளைகளைக் குடும்பங்களே வெளியில் எண்ணிச் சொல்வதில்லை. "உனக்கு முன்னால ஒண்ணு பொறந்து தங்கல" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும் அந்தப் பிள்ளையின் வரலாறு.

சாலவாக்கம், களியாம்பூண்டி பக்கத்து ஊர்களில் பாட்டிமார் காலத்துப் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டில் நடந்தவை. மூச்சு விடாத குழந்தைக்கு மருத்துவச்சியால் என்ன செய்ய முடிந்தது? வாய்க்குள் விரல் விட்டுச் சளியை எடுப்பார். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டுவார். முகத்தில் தண்ணீர் தெளிப்பார். காதருகே பித்தளைத் தட்டைத் தட்டுவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறந்ததும் அழாத குழந்தைகளில் பலவற்றுக்கு உடம்பைத் துடைத்து முதுகை அழுத்தி வருடினாலே மூச்சு வந்துவிடும் என்று இன்றைய பாடநூல்களும் சொல்கின்றன. அந்தக் கைகள் எத்தனையோ பிள்ளைகளை மீட்டிருக்கும். மீளாத பிள்ளைகளுக்குக் காற்றை உள்ளே செலுத்த ஒரு கருவி வேண்டியிருந்தது. அது அவரிடம் இல்லை.

குறைமாதக் குழந்தையின் கதை இன்னும் கொடுமையானது. அது பிறந்ததும் அழும், கைகால் உதைக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு மூச்சுக்கும் முனகத் தொடங்கும். "முக்குது" என்பார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே குழி விழும், மூக்குத் துவாரங்கள் விரியும், உதடு நீலம் பாயும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முனகல் நின்றுவிடும். ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்றொரு நம்பிக்கை நம் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உடலியல் சொல்வது இதற்கு நேர்மாறு. கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளைகள் இறந்தபோது, காரணம் தெரியாத குடும்பத்துக்கு இந்த நம்பிக்கை ஒரு பதிலாக இருந்திருக்க வேண்டும்.

உண்மையான பதில் நுரையீரலின் நுண்ணறைகளில் இருக்கிறது. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் ஈரமான அந்த நுண்ணறைகளை ஒவ்வொரு மூச்சுக்கும் திறப்பது. முழுமாதக் குழந்தையின் நுரையீரல் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பொருளைச் சுரந்து, அறைகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இந்தச் சுரப்பு போதிய அளவை எட்டக் கர்ப்பத்தின் 34, 35 வாரங்கள் ஆகும். அதற்கு முன் பிறக்கும் குழந்தையிடம் அது போதாது. வெளிமூச்சு விட்டவுடன் அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டும். நிமிடத்துக்கு 60, 70 தடவை இந்த வேலையைச் செய்து, கடைசியில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறது குழந்தை.

இதில் என் மனதை மிகவும் தொடுவது அந்த முனகல். அது வலியின் குரல் அல்ல. குழந்தை தன் குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, வெளியேறும் காற்றைத் தடுத்து, நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறது. அறைகள் முழுவதும் மூடிவிடாமல் காக்க, 1,200 கிராம் எடையுள்ள ஓர் உயிர் யாரும் சொல்லித்தராமல் செய்யும் சிகிச்சை அது. மருத்துவ உலகம் அதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி, ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து 1959-இல்தான் நிறுவினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டியே ஒரு மகன் பிறந்தான். எடை 2.1 கிலோ. பாஸ்டனின் தலைசிறந்த குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள்ளும் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. அன்றைக்கு உத்திரமேரூரில் ஓலை வேய்ந்த வீட்டில் அதே எடையில், அதே நோயோடு பிறந்த குழந்தைக்கும் வெள்ளை மாளிகையின் பிள்ளைக்கும் மருத்துவம் தரக்கூடியதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வந்தது. பணக்கார நாடுகள் அடுத்த இருபது ஆண்டுகளில் எங்கோ போய்விட்டன, நம் கிராமங்கள் அதே இடத்தில் நின்றன.

அங்கே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரியும் குழுவினரும், முனகும் குழந்தை தானாகச் செய்வதை வெளியிலிருந்து செய்து பார்த்தார்கள். மூச்சுப் பாதையில் இடைவிடாத மெல்லிய அழுத்தம் கொடுத்தார்கள். 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இன்று எல்லா ஊரிலும் 'சி-பாப்' என்று சொல்லப்படும் முறை இதுதான். 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும், குறைமாதப் பிரசவம் ஆகும்போல் தெரிந்தால் தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் கருவிலேயே நுரையீரல் முதிர்கிறது என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். வென்டிலேட்டரும் இதே காலத்தில் குழந்தைக்கென்று உருமாறியது.

இந்தியாவில் இவை பெருநகரங்களின் சில மருத்துவமனைகளுக்குள்தான் முதலில் நுழைந்தன. தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பே 1980-இல்தான் உருவானது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்துக்கு அப்போது எழும்பூர் அரசு மருத்துவமனைதான் கதி. குழந்தையைப் பஞ்சில் சுற்றி, பழைய புடவையில் பொதிந்து, பேருந்திலோ வாடகை வேனிலோ எடுத்துச் சென்றார்கள். தாய் பெரும்பாலும் பிரசவித்த இடத்திலேயே கிடப்பாள். பாட்டியும் மாமாவும் குழந்தையோடு போவார்கள். வழியில் யாரும் கவனிக்காமல் ஒன்று நடக்கும்: குழந்தை சில்லிட்டுப்போகும். குறைமாதக் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது, உடல் வெப்பத்தைத் தக்கவைக்கத் தெரியாது. குளிர்ந்த உடம்பு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், சர்க்கரையைத் தீர்த்துவிடும், நுரையீரலின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். எழும்பூர் வாசலை எட்டும்போது நுரையீரல் நோயைவிடப் பயணம் செய்த கேடு பெரிதாகிவிடும். அங்கே கண்ணாடிப் பெட்டி இருந்தது, ஆக்சிஜன் இருந்தது. 90 கிலோமீட்டரைத் திருப்பித்தர எந்த மருத்துவமனையாலும் முடியாது.

பிழைத்த பிள்ளைகளுக்கும் ஆபத்து காத்திருந்தது. ஆக்சிஜன் அளவு மிஞ்சினால் குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும். 1950-களிலேயே உலகம் அறிந்த உண்மை இது. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தது. உரிய காலத்தில் விழித்திரைப் பரிசோதனை நடக்காததால் பார்வை போயிற்று. குடும்பம் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மூச்சைக் காப்பாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை நாட்டுக்கே சொன்ன தீர்ப்பு அது. இன்று நல்ல பிரிவுகளில் குறைமாதக் குழந்தைக்குச் சுத்த ஆக்சிஜனை அப்படியே கொடுப்பதில்லை. காற்றோடு கலந்து கொடுக்கிறார்கள், பாதத்தில் கட்டிய கருவியைப் பார்த்து ஆக்சிஜன் செறிவு 90-க்கும் 95-க்கும் இடையே நிற்கும்படி ஏற்றி இறக்குகிறார்கள்.

கிராமத்தில் மாற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வென்டிலேட்டர் வந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலில் வந்தது இரவு நேரத்தில் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று செவிலியரை அமர்த்தி, ஒருவர் மாற்றி ஒருவர் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது தமிழ்நாடு. 1998-99 தேசியக் குடும்பநல ஆய்வில் மாநிலத்தின் பிரசவங்களில் 79 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21 ஆய்வில் அது 99.6. வீட்டில் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு நல்ல வென்டிலேட்டர் செங்கல்பட்டில் இருந்தும் பயனில்லை. மருத்துவச்சியின் இடத்துக்குச் செவிலியர் வந்து நின்றதுதான் முதல் திருப்பம்.

அந்தச் செவிலியர் கையில் அம்பு பேக் இருக்கிறது. 250 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள ரப்பர் பை, அதன் முனையில் குழந்தையின் வாயையும் மூக்கையும் மூடும் சிறு முகமூடி. துடைத்து, வருடிவிட்டும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் அதைப் பொருத்தி, நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அழுத்த வேண்டும். நெஞ்சு மெல்ல எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பவில்லை என்றால் தலையின் நிலையைச் சரிசெய்து மறுபடி. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பை போதும், வேறு எதுவும் தேவைப்படாது. அதற்கு ஆக்சிஜன் சிலிண்டர்கூட வேண்டியதில்லை, முழுமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றே போதும் என்பதை நிறுவிய ஆய்வுகளில் முன்னோடியான ஒன்றை, 1993-இல் வெளியிட்டவர் டெல்லியின் சித்தார்த் ராம்ஜி. சிலிண்டர் வராத கிராமத்துக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியுமா? உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றிய இந்த இந்திய ஆய்வை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இரண்டாவது திருப்பம் ஒரு மலிவான ஊசி. லிகின்ஸ் முதலில் ஆடுகளிடம் கண்டறிந்தது நம் துணை சுகாதார நிலையம்வரை வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாய்க்கு டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள் என்பது 2014-இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் ஊசியைக் கிராம அளவிலேயே செவிலியர் போடலாம். ஒரு ஊசியின் விலை சில ரூபாய்தான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் இந்த மருந்து குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்று உறுதிசெய்தது. ஒருவகையில் இதுதான் கிராமத்தின் வென்டிலேட்டர். குழந்தை பிறப்பதற்கு முன்பே, தாயின் தொடையில் போட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சாலை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. பின்னர் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் பொருத்திய வண்டிகளும் வந்தன. புடவைப் பொதியில் சில்லிட்ட பயணம் முடிவுக்கு வந்தது இப்படித்தான். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. நல்லவேளையாக ஆம்புலன்ஸ் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் போகலாம், 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். ஆனால் ஆறு எல்லை பார்க்கும். 2021 மழையில் செய்யாற்று வெள்ளம் வெங்கச்சேரி தரைப்பாலத்தைச் சிதைத்தபோது காஞ்சிபுரம் சாலை துண்டிக்கப்பட்டது. பிரசவ வலி எடுத்த பெண்ணின் குடும்பத்துக்குப் பாலமும் மருத்துவக் கருவிதான் என்று அப்போது தோன்றியது.

அந்த 30 கிலோமீட்டரைக் கடந்து உள்ளே போன குழந்தைக்கு இன்று என்ன நடக்கிறது? முதலில், உடம்பைச் சூடாக வைக்கும் வார்மர். சென்னையிலேயே ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கியபின் வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டிய நிலை குறைந்தது. முனகும் குழந்தைக்கு அடுத்து சி-பாப். மூக்கில் இரு சிறு குழல்கள், வெளிமூச்சுக் குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள். குழாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தால் நுரையீரலுக்குள் 5 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் நிற்கும். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள், செவிலியர் ஓடிவருவார். குழந்தை தன் தொண்டையால் செய்த வேலையை இந்தப் பாட்டில் ஏற்றுக்கொள்கிறது. தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் மருந்து. ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய், அரசு மருத்துவமனையில் குடும்பம் காசு கொடுப்பதில்லை. தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது.

இவ்வளவும் போதாத குழந்தைக்குத்தான் வென்டிலேட்டர். பிறக்கும்போது மலத்தை நுரையீரலுக்குள் உறிஞ்சிவிட்ட முழுமாதக் குழந்தை, கிருமித் தொற்றில் துவண்ட குழந்தை, ஒரு கிலோகூட இல்லாத குழந்தை. மிகச் சிறிய குழந்தைக்கு 2.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் குரல்வளையைத் தாண்டி இறங்குகிறது. ஒரு கிலோ குழந்தையின் ஒரு மூச்சு 4 முதல் 6 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டி. அதைவிடக் கூடினால் நுரையீரல் கிழியும், குறைந்தால் சுருங்கும். பழைய இயந்திரங்கள் குழந்தை மூச்சு இழுக்கிறதா விடுகிறதா என்று பாராமல் தம் கணக்குக்குக் காற்றைத் தள்ளின. குழந்தை இயந்திரத்தோடு மல்லுக்கட்டும், அதை அடக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். இன்றைய இயந்திரம் குழந்தை மூச்சு இழுக்கத் தொடங்கும் கணத்தை உணர்ந்து அதற்கு உதவுகிறது, எத்தனை மில்லிலிட்டர் போனது என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அளக்கிறது. வென்டிலேட்டரே நுரையீரலைத் தழும்பாக்கும் என்று 1967-இல் நார்த்வே விவரித்தபின், மருத்துவர்களின் கவனம் எவ்வளவு சீக்கிரம் குழாயை எடுக்கலாம் என்பதில்தான். குழாயே போடாமல் சி-பாபிலேயே கரையேறிய குழந்தைதான் இன்றைய வார்டில் பெரிய வெற்றி.

இதன் பலன் எண்களில் தெரிகிறது. 2000-இல் தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 51 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 13. அந்தப் பதின்மூன்றில் ஒன்பது, பிறந்து 28 நாளுக்குள் இறப்பவை. மிச்சமிருக்கும் போராட்டம் இந்த முதல் மாதத்தில்தான்.

அதற்கு இயந்திரம் வாங்கினால் போதாது. வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு ஒரு செவிலியர், மிஞ்சினால் இரண்டு குழந்தைகளுக்கு ஒருவர் என்பது ஏற்கப்பட்ட அளவு. குழாயில் சளி அடைக்கிறதா, பாதம் குளிர்கிறதா, வயிறு உப்புகிறதா என்று பார்க்கும் கண்களுக்கு மாற்று கிடையாது. அரசு மருத்துவமனைகளில் அந்தக் கண்கள் போதவில்லை. அதிலும் பயிற்சி பெற்ற செவிலியரை ஒப்பந்த ஊதியத்தில் வைத்து, ஓராண்டில் இடம் மாற்றி, அடுத்தவருக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது குழந்தைகளின் உயிரோடு செய்யும் சிக்கனம். புதிய கருவியைத் திறந்துவைக்கப் புகைப்படம் எடுக்கிறார்கள். பணியிடம் நிரப்பியதற்கும் எடுத்தால் மகிழ்வேன்.

தாயையும் வார்டுக்குள் விட வேண்டும். அன்று தாய் ஊரில் கிடந்தாள், இன்று பல இடங்களில் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள். ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனே, நிலைப்படும்வரை காத்திராமல், தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்தால் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஆய்வு 2021-இல் காட்டிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கொரு கட்டில் போட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

பிறகு வீடு திரும்பும் குழந்தைகள். 1,500 கிராம் எடையில் ஊருக்கு வரும் பிள்ளைக்கு நான்காவது வாரத்தில் விழித்திரைப் பரிசோதனை, பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை திரும்பத் திரும்ப, செவித்திறன் சோதனை, வளர்ச்சிக் கண்காணிப்பு என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி அந்த 30 கிலோமீட்டர், இம்முறை ஆம்புலன்ஸ் வராது. அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், அம்மாவுக்குத் தையல் இன்னும் ஆறியிருக்காது. தவறவிடுபவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் திட்டத்தைப் பெங்களூரின் நாராயண நேத்ராலயா 2008 முதல் கர்நாடகத்தின் சிறு ஊர்களில் நடத்திவருகிறது. பயிற்சி பெற்ற ஊழியர் படமெடுத்து அனுப்ப, நிபுணர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்கிறார். அப்படியொரு வண்டி வாரத்தில் ஒரு நாள் உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கு வந்து நின்றால் போதும். சாலவாக்கத்திலிருந்தும் களியாம்பூண்டியிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.